அடி இடது பக்கம், வலி வலது பக்கம்: ஐந்து மாதமாக ஆறாத தாடை மூட்டு

கேள்வி:

வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 24 வயது. பெரியபட்டினம் பக்கத்தில் கடற்கரை ஊர். சித்தப்பாவோடு காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிக்கப் போகிறேன். சாயங்காலம் ராமநாதபுரம் போய்க் குத்துச்சண்டை பழகுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஒரு ஹுக் (பக்கவாட்டுக் குத்து) இடது தாடையில் விழுந்தது. அன்றைக்கு மவுத்கார்டு போடவில்லை. பேசிக்கொண்டிருந்ததால் வாயும் திறந்திருந்தது. மயக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் வலி வந்தது வலது காதுக்கு முன்னால். இன்றுவரை போகவில்லை. மெல்லும்போது 'டொக்' என்று சத்தம் கேட்கிறது. காலையில் வாய் பாதிதான் திறக்கிறது, அப்படி இப்படி ஆட்டினால்தான் முழுதாகத் திறக்கும். காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்றார். ஒரு பல் டாக்டர் கடவாய்ப் பற்களை ராவிச் சமப்படுத்தினால் சரியாகும் என்றார். கோச்சுக்குத் தெரிந்த ஒருவர் எண்ணெய் போட்டு நீவி, தாடையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டார். அதற்கப்புறம் வலி கூடித்தான் போனது. மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் சரியாகுமா? இரண்டு மாதத்தில் ஒரு போட்டி இருக்கிறது, ஆடலாமா? எல்லாம் சங்கு குளிக்கப் போவதால்தான் என்கிறார் அம்மா. அடி பட்டது கரையில்தானே?

பின்குறிப்பு: அக்கா மகனுக்கு 8 வயது. போன வாரம் வல்லத்து (படகு) விளிம்பில் விழுந்து நாடி (மோவாய்) கிழிந்து நாலு தையல் போட்டிருக்கிறது. அவனும் காதுப்பக்கம் வலிக்கிறது என்கிறான். சும்மா எழுதினேன்.

பதில்:

தம்பி, 'சும்மா எழுதினேன்' என்று கடைசியில் போட்டீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். அக்கா மகனை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நாளைக்கே முடியுமென்றால் நாளைக்கே. உங்கள் வலி ஐந்து மாதம் காத்திருந்தது, இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். அவனுடையது பொறுக்காது.

நாடியில் விழுந்த அடி நாடியோடு நிற்பதில்லை. கீழ்த்தாடை எலும்பு லாடம் மாதிரி வளைந்து, இரு பக்கமும் மேலேறி, காதுகளுக்கு முன்னால் மண்டையோட்டில் பொருந்துகிறது. நாடி வாங்கிய விசை எலும்பு வழியே ஏறி, மூட்டுக்குக் கீழே உள்ள ஒடுங்கிய கழுத்துப் பகுதியில் போய் இறங்கும். நாடிக்குத் தையல் போட்டு, புண் ஆறி, வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். காதுக்கு முன்னால் எலும்பு விரிசல் விட்டிருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் கோணிய கடியோடு (மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம்) போய்விடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. தாடை வளர்வதில் அந்த மூட்டுமுனைக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே ரத்தம் கட்டி, வலிக்குப் பயந்து பிள்ளை வாயை அசைக்காமலே இருந்துவிட்டால், நாளடைவில் எலும்போடு எலும்பு ஒட்டிப்போகக்கூடும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். நாலு வயதில் படிக்கட்டில் விழுந்து நாடியில் தையல் போட்ட பிள்ளை. என்னிடம் வரும்போது பதினோரு வயது. பல்வரிசைகளுக்கு நடுவே ஒரு விரல்கூட நுழையாது. இட்லியைப் பிசைந்து, தட்டையாக்கி, கடைவாய் ஓரத்தில் இருந்த இடுக்கு வழியே விரலால் உள்ளே தள்ளிச் சாப்பிட்டாள். தண்ணீர் குடிக்கும்போது ஒரு கையை நாடிக்குக் கீழே ஏந்திக்கொள்வாள், ஒழுகினால் சட்டையில் படாமல் இருக்க. விழுந்த அன்று இரண்டு காதுக்கு முன்னாலும் விரல் வைத்து அழுத்திப் பார்த்து, ஒரு படம் எடுத்திருந்தால் அந்த ஏழு வருடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். அதனால்தான் நாடியில் தையலோடு ஒரு குழந்தை வந்தால் நான் முதலில் தொடுவது தையலை அல்ல, காதுக்கு முன்பக்கத்தை.

முறிவு இருந்தாலும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு, சீக்கிரமே தொடங்கும் வாய்ப் பயிற்சி, அப்புறம் வளர்ந்து முடியும் வரை அவ்வப்போது வந்து காட்டுவது, அவ்வளவுதான். தையல் பிரித்தாகிவிட்டது என்று அந்த வருகைகளை விட்டுவிடாதீர்கள்.

சரி, இனி உங்கள் விஷயம்.

அடி இடது பக்கம், வலி வலது பக்கம். இதில் குழம்ப ஒன்றுமில்லை, தாடை அடி வாங்கும் விதமே அதுதான். சங்கு வளையலை நீங்கள் கையில் எடுத்திருப்பீர்கள். ஒரு ஓரத்தில் அழுத்தினால் அந்த இடத்திலேயே விரிசல் விட வேண்டும் என்று கட்டாயமில்லை, வேறு பக்கத்திலும் விடும். தாடையும் மண்டையோடும் சேர்ந்தால் அப்படி ஒரு வளையம்தான். இடப்பக்கத்திலிருந்து வந்த ஹுக் தாடையை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது, வலது மூட்டு போய்க் குழியில் இடித்திருக்கிறது. பற்கள் சேர்ந்து இறுகியிருந்தால் விசையில் ஒரு பங்கைப் பல்வரிசை வாங்கிக்கொள்ளும். வாய் திறந்திருந்ததால் மூட்டு தனியாக மாட்டிக்கொண்டது. குத்துச்சண்டைக் கோச்சுகள் 'நாடியை மார்போடு ஒட்டு, வாயை மூடு' என்று ஓயாமல் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காதில் ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூட்டுக்கும் காதுத் துளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புச் சுவர். இரண்டுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புக் கிளையும் பெருமளவு ஒன்றே. அதனால் மூட்டு வலித்தால் காது வலிக்கிற மாதிரியே இருக்கும். இதை 1934-ல் விளக்கமாக எழுதி மருத்துவ உலகத்தைக் கவனிக்க வைத்தவரே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர்தான், அமெரிக்காவின் ஜேம்ஸ் காஸ்டன். கடைவாய்ப் பற்கள் விழுந்துபோவதால் தாடை ஏறி நரம்பை அழுத்துகிறது என்று அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் காது வலி என்று வருகிறவரின் தாடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடம் நின்றுவிட்டது.

அந்த 'டொக்' என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூட்டில் எலும்போடு எலும்பு நேராக உரசாது. நடுவே சின்ன மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு, ஓரங்களில் தடித்து, நடுவில் மெலிந்து. நல்ல மூட்டில் வாய் திறக்கும்போது எலும்பு முனையும் தட்டும் சேர்ந்தே முன்னால் வழுகும். அடியில் தட்டைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் இழுபட்டுத் தளர்ந்தால் தட்டு கொஞ்சம் முன்னால் நழுவி நிற்கும். நீங்கள் வாய் திறக்கும்போது எலும்பு முனை அந்தத் தட்டின் தடித்த ஓரத்தைத் தாண்டி ஏறி உட்காருகிறது, அதுதான் சத்தம். காலையில் ஆட்டி ஆட்டித் திறப்பதும் அந்த ஓரத்தைத் தாண்டத்தான். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம், எத்தனையோ பேர் அப்படியே ஆயுள் முழுதும் இருக்கிறார்கள். ஆகவே நாம் குறி வைக்க வேண்டியது வலியை, சத்தத்தை அல்ல. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். ஒருநாள் சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் போனால், குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தட்டு திரும்பி வராமல் மாட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது நாள் கடத்தாமல் வர வேண்டும்.

இப்போது உங்கள் அம்மா சொன்னது. அடி பட்டது கரையில்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புண் ஆறாமல் இருப்பது கடலில் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சங்கு குளிப்பவர்கள் பல பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர், உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், வரும்போதே காற்றுக் குழாயின் ரப்பர் வாய்ப்பகுதியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். உப்பு பூத்து வெளுத்துப்போன ரப்பர். பல்லுக்கு நடுவே வைக்கும் இரண்டு மொக்கில் இடது மொக்கு புதிது மாதிரி இருந்தது. வலது மொக்கு கிட்டத்தட்ட அறுந்து, ஒரு நூல் ரப்பரில் தொங்கியது. வலி அவருக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை. நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

தண்ணீருக்கடியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முன்பற்களாலும் அதை ஒட்டிய பற்களாலும் ரப்பரைக் கவ்வுகிறீர்கள். குழாயும் நீரோட்டமும் அதை ஒரு பக்கமாக இழுக்கின்றன. விட்டால் மூச்சில்லை, அதனால் உடம்பு விடாது. மணிக்கணக்கில் அதே பிடி. நல்ல மூட்டே அந்தப் பிடியில் சாயங்காலம் வலிக்கும். நார் இழுபட்ட மூட்டு என்ன ஆகும்? அது போதாதென்று கரைக்கு வந்து ராமநாதபுரம் போய், கிளவுஸ் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடிக்கிறீர்கள். இழுபட்ட நாருக்கு நீங்கள் இந்த ஐந்து மாதத்தில் ஒரு வாரம்கூட ஓய்வு கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. மாத்திரை வலியை மறைத்தது, நீங்கள் வேலையைத் தொடர்ந்தீர்கள். இந்தக் கடியை நிறுத்தாமல் எந்த டாக்டர் எந்த வைத்தியம் செய்தாலும் வலி திரும்பி வரும்.

ஓய்வுக்கு முன்னால் ஒரு சோதனை மட்டும் பாக்கி. அடி பட்டதிலிருந்து யாரும் உங்கள் தாடையைப் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. அக்கா மகனைக் கூட்டிப் போகும் அன்றே நீங்களும் பல் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். முதலில் ஓபிஜி என்ற படம் எடுப்பார்கள், முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும். மூட்டுக் கழுத்தில் உள்ள சின்ன விரிசல் அதில் தப்பிவிடக்கூடும். அதனால் 'அடி பட்ட அன்றிலிருந்து கடி மாறியிருக்கிறது' என்று உங்களுக்குத் தோன்றினால் அதைத் தவறாமல் சொல்லுங்கள், சிடி ஸ்கேன் தேவைப்படும். பின்பற்கள் முன்போல ஒன்றாக உட்காருகின்றனவா, ஒரு பக்கம் முந்திக்கொள்கிறதா, முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். கீழுதட்டில் மரத்துப்போன இடம் இருந்தாலும் சொல்லுங்கள். அங்கே முடியாத ஸ்கேன், சிகிச்சை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருந்தால் கையில் எடுத்துப் போங்கள். எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டியதில்லை. தட்டின் நிலையைப் பார்க்க அது நல்லது, ஆனால் உங்கள் நிலையில் முதல் எட்டு வாரத்துக்கு அது சிகிச்சையை மாற்றப்போவதில்லை.

எட்டு வாரம் என்று சும்மா சொல்லவில்லை. நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்குக் கடல் கேட்கும் அவகாசம். ஏறக்குறைய அதே அளவு உங்கள் மூட்டும் கேட்கிறது. அந்த எட்டு வாரம் முங்குவது இல்லை. சித்தப்பாவோடு படகுக்குப் போகலாம், மேலிருந்து குழாயைப் பார்த்துக்கொள்ளலாம், சங்கைத் தரம் பிரிக்கலாம். வருமானம் குறையும் என்று தெரியும், எழுதும்போதே எனக்கு அது உறுத்துகிறது. வேறு வழியே இல்லாமல் எட்டு வாரத்துக்கு முன்னாலேயே இறங்க வேண்டி வந்தால், மொக்கு நீளமாக இருக்கும் வாய்ப்பகுதியாகப் பார்த்து மாற்றுங்கள், கடைவாய்ப் பற்கள் வரை பாரம் பரவும். குழாயை உடம்போடு ஒரு பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள், இழுப்பு தாடைக்கு வராது. உதட்டால் பிடித்து, பல்லால் லேசாகத் தாங்கப் பழகுங்கள். முங்கும்போது காது அடைத்தால் கட்டாயப்படுத்தி இறங்கவே இறங்காதீர்கள். காது வலியும் மூட்டு வலியும் சேர்ந்துவிட்டால் எது எதென்று பிரிக்க முடியாமல் போகும்.

சாப்பாட்டில், எட்டு வாரத்துக்குக் கணவாய் வேண்டாம். நண்டுக் காலைப் பல்லால் உடைப்பது அறவே கூடாது. பரோட்டா, கடலை, முறுக்கு, பனங்கிழங்கு எல்லாம் தள்ளி வையுங்கள். தை மாதம் பனங்கிழங்கை நார் நாராக இழுத்து மெல்வதுபோல மூட்டை வேலை வாங்கும் பண்டம் நம் ஊரில் வேறில்லை. இட்லி, இடியாப்பம், புட்டைப் பால் விட்டுப் பிசைந்து, மீன் குழம்பு விட்ட குழைந்த சாதம், நுங்கு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமாக. பயில்வான் உடம்பு, புரதம் குறையக் கூடாது, மீனை நன்றாக வேகவைத்து உதிர்த்துச் சாப்பிடுங்கள். பெரிய கவளமாக வாயைப் பிளந்து வைக்காமல் சின்னதாக எடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். சூயிங் கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே முஷ்டியை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பற்கள் ஒன்றையொன்று தொடுவது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் இருக்க வேண்டும், நாள் முழுதையும் சேர்த்தாலும் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவை விலகி இருக்க வேண்டும். வலியுள்ளவர்கள் தங்களுக்கே தெரியாமல் பல்லைச் சேர்த்து வைத்திருப்பார்கள். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ரொம்ப எளிது. 'மீன்' என்று சொல்லுங்கள். கடைசி 'ன்'-இல் அப்படியே நில்லுங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும். பற்கள் தொடாமல் இருக்கும். இனி உதட்டை மட்டும் மூடுங்கள். இதுதான் தாடையின் ஓய்வு நிலை. பைக்கில் ராமநாதபுரம் போகும்போது, செல்போன் பார்க்கும்போது, வலை பிரிக்கும்போது, எப்போதெல்லாம் ஞாபகம் வருகிறதோ அப்போதெல்லாம் மனசுக்குள் 'மீன்' சொல்லிக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கும். நாக்கு நுனி அண்ணத்தை விட்டு வராத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். உங்கள் தாடை திறக்கும்போது வலப்பக்கம் விலகிப் போவதைப் பார்ப்பீர்கள், அடிபட்ட மூட்டு பின்தங்குவதால். அதை நேர்க்கோட்டில் கொண்டுவர முயலுங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளைக்கு ஆறு தடவை. முன்னும் பின்னும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றுங்கள். ஐஸ் புது அடிக்கு, பழைய வலிக்குச் சூடுதான். லேசாக எண்ணெய் தொட்டுக் கன்னத்துத் தசையை விரல் நுனியால் வட்டமாக நீவுவது நல்லதே, நம் ஆசான்களிடம் இருக்கும் அந்தக் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். வெடுக்கென்று இழுத்துவிடுவதை மட்டும் இனி யாரையும் செய்ய விடாதீர்கள். தளர்ந்த நாரை மேலும் இழுத்தால் என்ன நடக்கும் என்பதை அனுபவத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

பல்லை ராவும் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் பற்கள் அடிபடுவதற்கு முன்னால் சரியாகத்தான் இருந்தன. மூட்டு வீங்கியோ தசை இறுகியோ இருக்கும்போது கடி சற்று மாறித் தெரியும், வீக்கம் வடிந்ததும் திரும்பிவிடும். ராவின பல் திரும்பி வராது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டுதலை வெளியிட்டது. அவர்கள் முன்வரிசையில் வைத்தவை தாடைப் பயிற்சி, தேர்ந்தவர் கையால் செய்யும் மூட்டு அசைவுச் சிகிச்சை, வலியோடு வரும் பயத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனப் பயிற்சி. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் பல் உறைகளையும், மூட்டுத் தட்டையே வெட்டி எடுக்கும் அறுவையையும் அவர்கள் உறுதியாக வேண்டாம் என்றார்கள். இரவில் போட்டுக் கழற்றும் சாதாரண பல் உறைக்குக்கூட அவர்கள் பெரிய ஆதரவு தரவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு மட்டும் நான் அதைக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது நீங்கள் தூக்கத்தில் பல் நறநறப்பதைக் கேட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். சீக்கிரம் சரியாக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் தாடை மூட்டு அறுவையின் வரலாற்றில் அவசரத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1980-களில் அமெரிக்காவில், கெட்டுப்போன தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை வைத்தார்கள். மெல்லும் விசையில் அது துகள் துகளாகி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990-ல் அந்நாட்டு அரசின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. சாதாரண வலிக்கு அறுவை செய்துகொண்டு ஆயுள் முழுதும் வலியோடு வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். இப்போது முறைகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன, மூட்டு ஒட்டிப்போனவர்களுக்கு அறுவை வாழ்க்கையையே மீட்டுத் தருகிறது. உங்களுக்கு அது இல்லை. வாய் பூட்டிக்கொண்டு திறக்காமல் போனால், இரண்டு ஊசி வழியாக மூட்டுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவும் முறை ஒன்று உண்டு. 1991-ல் இஸ்ரேலின் டோரிட் நிட்சான் குழுவினர் எழுதி அறிமுகப்படுத்தியது. கத்தி இல்லை, தையல் இல்லை. தேவைப்பட்டால் அந்தப் படி வரை போகலாம், இப்போது வேண்டாம்.

டைக்ளோஃபினாக்கை நீங்களாக வாங்கிப் போடுவதை இன்றோடு விடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் படகில் நிற்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். டாக்டர் எழுதிக் கொடுத்தால் குறைந்த நாளுக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்கு, பான் மசாலா, குட்கா போடும் பழக்கம் உண்டா? தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவுக்குத் தடை இருந்தும் கடலுக்குப் போகும் பையன்கள் பலரின் கன்னத்தில் நான் அதைப் பார்க்கிறேன். பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தை நார்க்கட்டையாக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்யும். காரம் பட்டால் எரிவது, உட்கன்னம் வெளுத்துப் போவது அதன் அடையாளம். அது மூட்டு நோய் இல்லை, புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடியது. பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பரிசோதனையின் போக்கே மாறும்.

போட்டிக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் உள்ள அந்தப் போட்டியில் நீங்கள் ஆடக் கூடாது. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் 24 வயது கடைசி வயது அல்ல. ஓட்டம், கால் வேலை, கழுத்துப் பயிற்சி எல்லாம் இப்போதே செய்யலாம், 'மீன்' நிலையில் பல்லைக் கடிக்காமல். நாலாவது வாரம் வலி குறைந்திருந்தால் பை மேல் குத்தலாம். ஆளோடு ஆள் நிற்பது எட்டு வாரம் முடிந்து, வாய் வலியில்லாமல் முழுதாகத் திறந்து, பரோட்டாவை மென்றும் மறுநாள் வலிக்காமல் இருந்தால் மட்டும். அதுவும் முதலில் லேசான ஸ்பாரிங். அடி பட்ட பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, மறதி ஏதாவது வந்திருந்தால் அது மூளை சம்பந்தப்பட்டது, தனியாக டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்காமல் ரிங்கில் கால் வைக்காதீர்கள்.

ஹெட்கார்டு போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நெற்றியையும் காதையும் வெட்டுக்காயத்திலிருந்து காக்கும், நாடி திறந்தேதான் இருக்கும். மூட்டுக்கு உதவுவது மவுத்கார்டு. அதுவும் முழுக் கேடயம் இல்லை, ஆனால் பற்களைச் சேர்த்துப் பிடித்து விசையைப் பரப்பிவிடும், பற்களையும் உதட்டையும் காப்பாற்றும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்குவது ஒன்றும் இல்லாததற்கு மேல். பல் மருத்துவரிடம் அச்சு எடுத்துச் செய்துகொள்வதுதான் சரியாக உட்காரும், பேச, மூச்சு விட முடியும். கழற்றிவிட்டுப் பேசத் தோன்றாது. உங்களுக்கு அடி பட்டதே பேசும்போதுதானே? போட்டிக்கு மட்டும் இல்லை, லேசாக ஒரு ரவுண்டு என்றாலும் வாயில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் சொந்தக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் வலிக்காமல் நுழைந்தால் சரி. ஸ்கேலில் அளந்தால் வளர்ந்தவர்களுக்குச் சுமார் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். இன்று காலை எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே எழுதுங்கள். அக்கா மகனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவன் விரலாலேயே அளந்து எழுதுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டும், அந்த ரப்பர் வாய்ப்பகுதியும் கையில் இருக்கட்டும். எட்டாவது வாரம் இரண்டு பேர் அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.